தூண்டிய மூளையின் பதிலைப் படிப்பது கண்ணா, நிரலா?

தலைமேல் ஒரு கம்பிச் சுருளை வைத்து, அதில் மிகக் குறுகிய நேரத்துக்குப் பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சினால், அப்போது எழும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். கையை இயக்கும் பகுதிக்கு மேல் சுருள் இருந்தால், ஏறத்தாழ 20 மில்லிவினாடி கழித்து எதிர்ப்பக்கக் கையின் தசை ஒருமுறை துடிக்கும். தோலில் ஒட்டிய மின்வாய்கள் அந்தத் துடிப்பை ஓர் அலையாகப் பதிவு செய்யும். மூளையிலிருந்து தசை வரையிலான நரம்புப் பாதை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த அலையின் உயரத்திலிருந்தும், அது வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்தும் அறியலாம். மண்டையோட்டின் ஊடான இந்தக் காந்தத் தூண்டலை ஆய்வகங்களில் டி.எம்.எஸ். என்கிறார்கள்.

அலை பதிவாகிவிட்டது. அதைப் படிப்பது யார்? பயிற்சி பெற்ற ஒருவர் திரையைப் பார்த்துத் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க வேண்டுமா, மென்பொருளே கணக்கிட்டுச் சொல்லிவிடலாமா? ஆய்வக நடைமுறை சார்ந்த சிறு கேள்வியாக இது தோன்றலாம். ஆனால் மனச்சோர்வுக்கான காந்தத் தூண்டல் சிகிச்சையில், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வலிமையாகத் தூண்டுவது என்பது இந்த அளவீட்டை வைத்தே முடிவாகிறது. பக்கவாதத்துக்குப் பின் கை எந்த அளவு மீளும் என்று கணிக்க நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உருவான ‘பிரெப் 2’ என்ற முறையில், இந்த அலை வருகிறதா இல்லையா என்பதே சில நோயாளிகளுக்குத் திருப்புமுனை. ஆகவே படிப்பவர் செய்யும் பிழை நோயாளியின் படுக்கை வரை போகிறது.

அளவுகோல் வைத்து அளந்த காலம்

மூளைப் புறணியை மின்சாரத்தால் தூண்டினால் உடல் அசையும் என்பதை 1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷும் ஹிட்சிக்கும் நாய்களில் காட்டினார்கள். மண்டையைத் திறக்காமலே மனிதரில் இதைச் செய்ய 110 ஆண்டுகள் ஆயின. 1980இல் லண்டனில் மெர்ட்டனும் மார்ட்டனும் தலைத்தோலின் வழியே மின்சாரம் செலுத்திச் செய்தார்கள், அது வலித்தது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரும் உடன் பணியாற்றியவர்களும் காந்தப்புலத்தைக் கொண்டு வலியின்றிச் செய்தபோதுதான் இந்தத் துறை விரிந்தது.

தொடக்க காலத்தில் அலையின் உயரத்தையும் நேரத்தையும் கையால்தான் அளந்தார்கள். ஒரு நோயாளிக்குப் பத்துத் தூண்டல்கள் தந்த நிலையில் அது போதுமாக இருந்தது. பிறகு கேள்விகள் நுட்பமாயின. 1993இல் குஜிராய் குழு, இரண்டு தூண்டல்களைச் சில மில்லிவினாடி இடைவெளியில் கொடுத்துப் புறணியின் தடுப்பு ஆற்றலை அளக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. 2005இல் ஹுவாங் குழு, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் அடுக்கடுக்காகத் தூண்டி மூளையின் மறுமொழியை அதற்குப் பின்னும் மாற்றிவைக்கும் முறையை வெளியிட்டது. ஒரே ஆய்வில் ஆயிரக்கணக்கான அலைகள் குவியத் தொடங்கின. கையால் அளப்பது இயலாத வேலையாயிற்று. தானியங்கிப் பகுப்பாய்வுக்கான முதல் வாதம் வேகமே. துல்லியம், நடுநிலை ஆகியவை பின்னால் சேர்க்கப்பட்ட வாதங்கள்.

தொடக்க அளவு: கணக்கு வென்ற இடம்

தசையிலிருந்து பதிலை வரவழைக்கப் போதுமான மிகக் குறைந்த தூண்டல் வலிமையை இயக்கத் தொடக்க அளவு என்கிறார்கள். பத்து முதல் இருபது தூண்டல்களில் ஏறத்தாழ பாதிக்குச் சிறு பதில் தரும் வலிமை என்று 1994இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இதை வரையறுத்தது. பின்னாளில், பத்தில் ஐந்து முறையாவது 50 மைக்ரோவோல்ட் உயரமுள்ள அலை வர வேண்டும் என்ற விதி பரவலாக நிலைபெற்றது. சிகிச்சையறைகளில் மின்வாய் ஒட்டாமல், விரல் அசைகிறதா என்று கண்ணால் பார்த்தே தீர்மானிக்கும் வழக்கமும் உண்டு. கண்ணால் தீர்மானித்த அளவு, தசைமின் பதிவால் தீர்மானித்ததைவிட உயர்ந்து நிற்கிறது என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. சிகிச்சையின் வலிமையைத் தொடக்க அளவின் 120 விழுக்காடு என்று வைக்கும்போது, இந்த வேறுபாடும் சேர்ந்தே பெருகும்.

2003இல் ஜெர்மனியின் ஃபிரீடெமன் அவிஷுஸ் வேறு வழியைப் பரிந்துரைத்தார். ஒவ்வொரு தூண்டலுக்கும் பதில் வந்ததா இல்லையா என்பதை மட்டும் நிரலுக்குச் சொல்ல வேண்டும். தொடக்க அளவு எங்கே இருக்க வாய்ப்பு மிகுதி என்று அது கணித்து, அடுத்த தூண்டலை அங்கேயே கொடுக்கச் சொல்லும். பத்துப் பத்தாக எண்ணும் பழைய முறையைவிடக் குறைந்த தூண்டல்களில் முடிவு கிடைக்கிறது; செய்பவரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைகிறது. இந்தத் துறையில் தானியங்கி முறை ஏறத்தாழ ஐயத்துக்கு இடமின்றி வென்ற இடம் இது என்றே சொல்லலாம்.

அந்த வெற்றிக்குள்ளும் ஓர் எடுகோள் இருக்கிறது. பதில் வரும் வாய்ப்பு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதை நிரல் ஆளுக்கு ஆள் அளப்பதில்லை. தொடக்க அளவின் 7 விழுக்காட்டை எல்லாருக்கும் பொதுவான பரவலாக முன்கூட்டியே வைத்துக்கொள்கிறது. நலமான இளைஞருக்குப் பொருந்தும் இந்த எண், நரம்புப் பாதை சிதைந்த நோயாளிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த எடுகோளைப் படைத்தவர் வெளிப்படையாக எழுதிவைத்தார் என்பதால் பின்வந்தவர்களால் அதைச் சோதிக்கவும் திருத்தவும் முடிந்தது.

உயரம் எளிது, எல்லை கடினம்

அலையின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையிலான உயரத்தை அளப்பதில் கணினிக்குச் சிக்கல் இல்லை. குறித்த ஒரு நேரச் சாளரத்துக்குள் மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் கண்டுபிடித்துக் கழித்தால் போதும். ஆனால் எந்த அலைகளைக் கணக்கில் சேர்ப்பது? தூண்டலுக்குச் சற்று முன் தசை இறுகியிருந்தால் பதில் பெரிதாகிவிடும். அத்தகைய பதிவுகளை நீக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் வரை பொறுக்கலாம் என்பதில் ஆய்வகங்கள் ஒன்றுபடவில்லை. சேர்த்தவற்றை எப்படிச் சுருக்குவது என்பது அடுத்த கேள்வி. ஒரே ஆளில், ஒரே வலிமையில், ஒரே நிமிடத்தில் கூட இந்த அலைகள் பன்மடங்கு ஏறி இறங்குகின்றன. அவற்றின் பரவல் ஒருபக்கம் இழுபட்டது, மடக்கை எடுத்தால் சீராகிறது என்பது 1990களிலேயே தெரிந்த செய்தி. எனினும் பல ஆய்வுகள் வெறும் சராசரியையே எடுக்கின்றன. ஒரே ஒரு பேரலை அந்தச் சராசரியைத் தூக்கிவிடும். நம்பத்தக்க மதிப்புக்கு 20 முதல் 30 அலைகள் தேவை என்று 2014க்குப் பின் வந்த ஆய்வுகள் சொன்னபோது, ஐந்தும் பத்துமாக எடுத்த முந்தைய முடிவுகள் மீது இயல்பாகவே கேள்வி எழுந்தது.

உயரத்தைவிடக் கடினமானது மௌனக் காலம். கையைச் சற்று இறுக்கிப் பிடித்திருக்கும்போது தூண்டினால், துடிப்புக்குப் பின் தசை மின்னலைகள் சிறிது நேரம் அடங்கிவிடும். கைத் தசைகளில் இது 100 முதல் 300 மில்லிவினாடி வரை நீளலாம். எங்கிருந்து எண்ணுவது? தூண்டிய கணத்திலிருந்தா, அலை எழுந்ததிலிருந்தா, அலை அடங்கியதிலிருந்தா? மூன்று வழக்கமும் உண்டு. முடிவு இன்னும் குழப்பமானது. மௌனம் சட்டென்று கலைவதில்லை; இடையில் ஒரு சிறு துடிப்பு தலைகாட்டி மறையும், பிறகே தசை முழுதாக விழிக்கும். அந்தச் சிறு துடிப்பு முடிவா, இடையூறா என்பதில் அனுபவம் உள்ள இருவரே மாறுபடுவார்கள்.

2001இல் கார்வி குழு, தொழிற்சாலைகளில் உற்பத்தித் தரத்தைக் கண்காணிக்கும் புள்ளியியல் முறையை இதற்குக் கொண்டுவந்தது. தூண்டலுக்கு முன் தசையலை எந்த எல்லைக்குள் ஏறி இறங்கியது என்று கணக்கிட்டு, அந்த எல்லைக்குக் கீழே விழும்போது மௌனம் தொடங்கியதாகவும், மீண்டும் ஏறும்போது முடிந்ததாகவும் கொள்ளும் முறை அது. 2003இல் டஸ்கலாகிஸ் குழு வேறொரு தானியங்கி முறையை வெளியிட்டது. இரண்டுமே கண்ணால் குறிப்பதைவிட மாறாத விடையைத் தந்தன. ஆனால் மாறாத விடை சரியான விடையாகத்தான் இருக்கும் என்பதில்லை. மௌனக் காலத்தின் முடிவு இயற்கையில் கூர்மையான ஒரு புள்ளியாக இல்லாதபோது, நிரல் ஒரு புள்ளியைத் தேர்ந்து அதையே திரும்பத் திரும்பத் தருகிறது. ஒப்பீட்டுக்கு அது பயன்படும். அந்தப் புள்ளியின் உடலியங்கியல் பொருள் தனியாக நிறுவப்பட வேண்டியது.

2019இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ‘வீட்டா’ என்ற திறந்த மென்பொருள் இந்தச் சிக்கலுக்கு நடுவழி ஒன்றைக் காட்டுகிறது. முதலில் நிரல் தானாக எல்லைகளைக் குறிக்கிறது. பிறகு ஒருவர் ஒவ்வொரு பதிவாகப் பார்த்து ஏற்கவோ திருத்தவோ செய்கிறார். நடைமுறைக்கு உகந்த தீர்வு. ஆனால் எத்தனை பதிவுகளில் எந்தத் திசையில் திருத்தினார் என்பதைக் கட்டுரையில் சேர்த்துச் சொன்னால் ஒழிய, பழைய தனிமனிதச் சாய்வு பின்வாசல் வழியே திரும்பி வரும்.

மூளையலையில் கலக்கும் பொய்யலைகள்

தசையை விட்டுவிட்டு, மூளையின் பதிலை, தலைத்தோலில் ஒட்டிய மின்வாய்களால் மூளையலையைப் பதியும் இ.இ.ஜி. கொண்டு நேரடியாகப் பதிய முயலும்போதுதான் வாதம் சூடுபிடிக்கிறது. 1997இல் ஹெல்சிங்கியில் ரிஸ்தோ இல்மோனியேமி குழு இரண்டையும் இணைத்து, ஒரு பக்கம் தூண்டிய செயல்பாடு மறுபக்கத்துக்குப் பரவுவதைக் காட்டியது. வாய்ப்பும் பெரிது, இடரும் பெரிது. மூளையின் பதில் சில மைக்ரோவோல்ட் அளவே. சுருளின் துடிப்பு மின்வாய்களில் எழுப்பும் மின்னழுத்தம் அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். அதைத் தொடர்ந்து தலைத்தோலின் அடியிலுள்ள தசைகள் சுருங்கும், கண் இமைக்கும், மின்வாய்க்கும் தோலுக்கும் இடையே தேங்கிய மின்னூட்டம் மெல்ல வடியும். இவை எல்லாம் மூளையின் பதில்போல் வேடமிடும் பொய்யலைகள்.

இவற்றைக் களையும் வழி பல படிகள் கொண்டது. துடிப்பைச் சுற்றிச் சில மில்லிவினாடிப் பகுதியை வெட்டி நீக்கி இடைவெளியை நிரப்ப வேண்டும். பதிவைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்துத் தசையுடையதையும் கண்ணுடையதையும் விலக்க வேண்டும். பிறகு வடிகட்ட வேண்டும். வரிசை மாறினால் விடை மாறும். வெட்டுவதற்கு முன்பே வடிகட்டினால், துடிப்பின் எதிரொலி முன்னும் பின்னும் பரவி மூளையலையின் மேல் படியும்.

இதற்கு மூன்று வகை விடைகள் எழுந்துள்ளன. கருவிகளை மட்டும் தந்து முடிவை மனிதரிடம் விடுவது முதல் வகை: டொராண்டோவில் 2016இல் வந்த டி.எம்.எஸ்.இ.இ.ஜி., மெல்பர்னில் நைஜல் ரோகாஷ் குழு 2017இல் வெளியிட்ட டீசா ஆகியவை இப்படிப்பட்டவை. வல்லுநர்கள் முன்பு செய்த தேர்வுகளைக் கொண்டு நிரலைப் பழக்கி, முழுவதையும் தானாகச் செய்யவைப்பது இரண்டாவது வகை. 2018இன் ஆர்ட்டிஸ்ட் இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது வகை இயற்பியலை நம்புகிறது. தலையின் மின்கடத்தும் தன்மைப்படி, அருகருகே உள்ள மின்வாய்களில் எந்த அலை ஒன்றாக வர இயலும், எது இயலாது என்று கணக்கிட்டு, இயலாததைக் களைகிறது. பின்லாந்தின் துவோமாஸ் முத்தானென் குழு 2018இல் தந்த சவுண்ட் இந்த வகை.

மூன்றும் ஒரே விடையைத் தந்திருந்தால் விவாதம் அங்கேயே முடிந்திருக்கும். 2021இல் இத்தாலியின் பெர்தாசோலி குழு ஒரே பதிவுகளை நான்கு வழிகளில் பகுத்துப் பார்த்தது. கிடைத்த அலைகளின் உயரத்தில் கணிசமான வேறுபாடு தெரிந்தது. மீண்டும் அளந்தால் அதே விடை வருமா என்பதும் வழிக்கு வழி மாறியது. மூளை ஒன்று, பதிவு ஒன்று, முடிவு மட்டும் மென்பொருளைப் பொறுத்தது என்றால், இரு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிடுவதற்கு என்ன அடிப்படை இருக்கிறது? இந்தத் துறை இன்னும் உரிய கவலையோடு எடுத்துக்கொள்ளாத கேள்வி இது என்பது என் கருத்து.

இதைவிட ஆழமான இடர் ஒன்று உண்டு. சுருள் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று ஒலிக்கிறது, தலைத்தோலையும் தட்டுகிறது. காது கேட்கிறது, தோல் உணர்கிறது. இரண்டுக்கும் மூளை பதில் தருகிறது, குறிப்பாக 100 மில்லிவினாடிக்குப் பின். இவை உண்மையான மூளையலைகளே. ஆனால் காந்தத் தூண்டலுக்கு எழுந்தவை அல்ல. 2019இல் டென்மார்க்கில் கொண்டே குழு, ஒலியும் தட்டலும் மட்டும் உள்ள போலித் தூண்டலைக் கொடுத்து, உண்மைத் தூண்டலின் பதிலும் அதுவும் பெரிதும் ஒத்திருப்பதைக் காட்டியது. அதே ஆண்டு பெலார்தினெல்லி உட்படப் பல ஆய்வகத்தினர் மறுத்தார்கள்: கொண்டே குழுவின் பதிவில் தூண்டல் போதிய வலிமையோடு புறணியைச் சென்றடையவில்லை, ஒலியை மறைக்கும் ஏற்பாடும் சரியில்லை என்றார்கள். வாதம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் இரு தரப்பின் எழுத்திலிருந்தும் ஒரு முடிவு தவிர்க்க இயலாதபடி வருகிறது. மூளையிலிருந்தே எழும் இரண்டு பதில்களை, எது எதற்கு எழுந்தது என்று பதிவு முடிந்த பின் எந்த நிரலும் உறுதியாகப் பிரித்துத் தர முடியாது. அது சோதனையை அமைக்கும்போதே தீர்க்க வேண்டிய சிக்கல்.

2022இல் மிலானிலிருந்து வந்த ஆர்.டி.-டெப் என்ற மென்பொருள் இந்தத் திசையில்தான் செல்கிறது. பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே, களையெடுக்காத அலையின் சராசரியைத் திரையில் காட்டுகிறது. தசை சுருங்குவது தெரிந்தால் சுருளைச் சற்றுத் திருப்பலாம். பதில் சிறிதாக இருந்தால் வலிமையைக் கூட்டலாம். பின்னால் சுத்தம் செய்யும் எந்த நுட்பத்தையும்விட இந்த அணுகுமுறையே வலுவானதாக எனக்குப் படுகிறது.

உணர்வு மீளாமல் கிடப்பவர்களின் நிலையை அறியும் முயற்சியில், காந்தத் தூண்டலோடு இ.இ.ஜி.யை இணைப்பதன் பயன் தெரியும். 2013இல் அதே மிலான் குழு, தூண்டலுக்கு மூளை தரும் பதில் எவ்வளவு சிக்கலானது என்பதை, கணினிக் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் கணக்கு முறையால் ஒரே எண்ணாக்கியது. 2016இல் 150 பேரின் பதிவுகளிலிருந்து 0.31 என்ற எல்லை வகுக்கப்பட்டது. சிறிதளவு உணர்வு மீண்ட நோயாளிகளில் 94.7 விழுக்காட்டினரை அந்த எல்லை சரியாக அடையாளம் கண்டது. மதிப்புமிக்க சாதனை. ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்கு முன்னால், எந்தப் பதிவைச் சேர்ப்பது, எந்தக் கூறை விலக்குவது என்ற மனிதத் தேர்வுகள் அடுக்கடுக்காக உள்ளன. வேறு மருத்துவமனையில், வேறு கைகளில் அதே எல்லை நிற்குமா என்பது தனியே சோதிக்க வேண்டியது.

வல்லுநரின் கண் அளவுகோலாகுமா?

புதிய மென்பொருளை மதிப்பிடும் வழக்கமான முறை, அதன் விடை வல்லுநரின் விடையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது. வல்லுநர்களே தமக்குள் மாறுபடும் இடத்தில் இந்த அளவுகோல் தளர்ந்துவிடுகிறது. பழக்கப்பட்ட நிரல், பழக்கியவரின் சாய்வையும் சேர்த்தே கற்கும். பிறகு அதைத் தயக்கமின்றி ஆயிரம் பதிவுகளில் பயன்படுத்தும். மாற்றாகச் சிலர், உண்மை விடை முன்கூட்டியே தெரிந்த செயற்கைப் பதிவுகளை உருவாக்கிச் சோதிக்கிறார்கள். நல்ல வழி. ஆயினும் செயற்கைப் பதிவில் இருப்பது அதை ஆக்கியவர் எண்ணிப் பார்த்த இரைச்சல் மட்டுமே.

கண்ணின் பக்கம் வாதிடுவோருக்கும் பலவீனம் குறைவல்ல. 2015இல் ஹெரூ குழு, மூளைத் தூண்டல் ஆய்வாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், வெளியான முடிவுகளைத் தம்மால் மீண்டும் பெற முடிந்தது என்றவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர்தான். பொருந்தாத பதிவுகளை விலக்கிவிட்டு அதைக் கட்டுரையில் சொல்லாத வழக்கமும் வெளிப்பட்டது. 2013இல் ஹமாதா குழு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களில் ஹுவாங் குழுவின் அடுக்குத் தூண்டலைச் சோதித்தபோது, ஒட்டுமொத்தமாக விளைவே தெரியவில்லை. ஆளுக்கு ஆள் மாறுபாடுதான் மிகுந்திருந்தது. அலையைப் பார்க்கும்போதே அதை ஏற்பதா என்று முடிவெடுப்பவருக்கு, எந்த விடை வந்தால் கருதுகோள் நிற்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. அந்தச் சூழலை உடைப்பதில் நிரலுக்கு இணை இல்லை.

இடையில் மனிதர் இல்லாதபோது

மேலே சொன்னவை எல்லாம் பதிவு முடிந்தபின் நடப்பவை. அண்மைய முறைகளில் பகுப்பாய்வே அடுத்த தூண்டலை இயக்குகிறது. 2018இல் ஜெர்மனியின் டூபிங்கனில் செரென்னர் குழு, மூளையலையின் கட்டத்தைக் கணத்துக்குக் கணம் கணித்து, அலை பள்ளத்தில் இருக்கும்போது தூண்டினால் தசைப் பதில் பெரிதாகிறது என்றது. 2019இல் டென்மார்க்கின் மேட்சன் குழு அத்தகைய தொடர்பைக் காணவில்லை. கட்டத்தைக் கணிக்கும் நிரலும், ஆட்களைத் தேர்ந்த விதமும் வேறுபட்டதால் எது காரணம் என்று பிரித்தறிவது கடினம்.

நடுக்குவாதத்துக்கு மூளையின் ஆழத்தில் மின்வாய் பதிக்கும் சிகிச்சையில், மூளையலையை அளந்து தானே வலிமையை மாற்றிக்கொள்ளும் முறைக்கு 2025இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. அந்த மின்வாய்களை இயக்க நெஞ்சில் பதித்த கருவியின் வழியே இதயத்துடிப்பின் மின்னலையும் இத்தகைய பதிவில் கலக்கக்கூடும் என்பதும், இடப்பக்க நெஞ்சில் பதித்தால் அது மிகுதி என்பதும் ஆய்வுகளில் தெரிந்தவை. ஆய்வுக்கட்டுரையில் வரும் பொய்யலை ஒரு தவறான வரைபடத்தோடு நின்றுவிடும். இங்கே அது நோயாளிக்குக் கிடைக்கும் தூண்டலையே மாற்றும்.

தீராதவை

பதில் வந்ததா, எவ்வளவு உயரம் என்ற கேள்விகளில் நிரலே போதும். அங்கே கண்ணை நாட வலுவான காரணம் இல்லை. மௌனக் காலத்தின் முடிவிலும், சிதைந்த நரம்புப் பாதையில் தட்டுத்தடுமாறி வரும் சிறு அலைகளிலும் இரண்டும் தேவை. ஆனால் மனிதர் செய்த ஒவ்வொரு திருத்தமும் பதிவேட்டில் இருக்க வேண்டும். காந்தத் தூண்டலோடு இணைந்த இ.இ.ஜி.யில் எந்த வழி சரி என்று இன்று யாரும் அறுதியிட முடியாது. நலமானவர்களின் பதிவில் பழகிய நிரல்கள் முதியவர்களிலும் பக்கவாத நோயாளிகளிலும் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் சான்று போதவில்லை. திறந்த மென்பொருள்கள் எனப்படும் பலவும் மேட்லேப் என்ற விலைமிக்க தளத்தின் மேல் இயங்குவதால், சிறு ஆய்வகங்களுக்கு அந்தத் திறப்பு பாதிதான்.

எனவே ஆய்விதழ்களுக்கும் அவற்றின் மதிப்பீட்டாளர்களுக்கும் வைக்க வேண்டிய வேண்டுகோள் மூன்று. களையெடுக்காத மூலப் பதிவைக் கட்டுரையோடு கேளுங்கள். மென்பொருளின் பெயரோடு அதன் பதிப்பு எண்ணையும், உள்ளே வைத்த எல்லை மதிப்புகளையும் எழுதச் சொல்லுங்கள். மூளையலை ஆய்வென்றால், அதே பதிவைக் குறைந்தது இரண்டு வழிகளில் பகுத்து முடிவு நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். நிற்காத முடிவை நோயாளியின் சிகிச்சைக்கு அடிப்படையாக ஏற்காதீர்கள்.